கேட் திறக்காத பாட்டு

அண்ணாமலை நகர்
செப்டம்பர் 14

அன்பான ஜெயா அக்காவுக்கு,

அம்மா எழுதினால் "கர்த்தருக்குள் அன்பான" என்று தொடங்குவாள். எனக்கு "அன்பான" என்பதோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றுகிறது. நான் நலம். ஹாஸ்டல் சாப்பாடு பழகிவிட்டது. ஆய்வேடு அப்படியே கிடக்கிறது. மாமாவும் பாப்பாவும் சுகம்தானே? ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும். பாப்பாவுக்குக் காது மூடித் தொப்பி போடு.

தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சனி, ஞாயிறு கடலூர் போனால் அம்மா என் போனை எடுத்துப் பார்க்கிறாள். முன்பு இப்படி இல்லை. என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், மணி பார்த்தேன் என்கிறாள். கையில் வாட்ச் கட்டியிருக்கிறாள்.

அம்மாவின் கச்சேரி வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு அந்த அழுகைமேல் சந்தேகம்.

உன் அழுகைமேல் மட்டும் இல்லை. அன்று சிதம்பரத்தில் அழுத எல்லோர்மேலும்.

வீடியோவில் மேடைதான் தெரியும். கீழே நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லாம் வைத்திலிங்கம் மாமாவின் ஏற்பாடு. அப்பாவுடைய நண்பர்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். ஊரில் எந்தப் பாட்டுக் கச்சேரி என்றாலும் முதல் வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். வியன்னாவில் பரிசு வாங்கி, நாடு நாடாகப் போய்ப் பியானோ வாசித்த நம் அம்மா பிரிசில்லாவை இந்த மாவட்டம் சர்ச்சில் மட்டும் கேட்டால் போதுமா என்று அப்பா இருந்தபோதே சண்டை போட்டவர். மேடை ஏறுவதை என்றோ விட்டுவிட்ட அம்மாவை அறுபத்தெட்டு வயதில் எப்படியோ சம்மதிக்க வைத்துவிட்டார்.

இடம் ஒரு கல்யாண மண்டபம். பியானோ புதுச்சேரியிலிருந்து லாரியில் வந்தது. மேடைச் சுவரில் முந்தைய நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் இதயம் ஒட்டியபடியே இருந்தது. பிய்க்கப் போன ஆளை அம்மா தடுத்தாள். "இருக்கட்டும்பா, ஆளு இல்லாத மேடைக்கு அதுவாச்சும் தொணை."

வாசித்தது மூன்று பாகமுள்ள ஒரு சொனாட்டா. முதல் பாகம் நன்றாக வந்தது. விரல்கள் பழைய விரல்கள்தான். பாகம் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நடுவில் தட்டக்கூடாது என்று யாருக்கும் தெரியாது. அம்மா சிரித்துத் தலையசைத்தாள். எனக்கு அதுவரை பயமே இல்லை.

பிறகு இரண்டாவது பாகம். நம் கேட் பாட்டு.

உனக்கு மறந்திருக்காது. அந்த மெதுவான வாசிப்பு ஓர் இடத்தில் வந்து நின்று நின்று தட்டும். பிறகு சட்டென்று சுரம் மாறி வெளிச்சம் வரும். லாரன்ஸ் ரோட்டில் ரயில்வே கேட் போட்டு ஸ்கூல் வேன் நிற்குமே, ரயில் போனதும் கேட் தூக்குவார்களே, அதே மாதிரி என்று நீதான் பெயர் வைத்தாய். பியானோவுக்கு அடியில் உட்கார்ந்திருப்போம். கேட் திறக்கும் இடம் வந்தால் இரண்டு பேரும் கை தட்டுவோம். சனியன்களா, கையக் குலைக்காதீங்க என்று மேலிருந்து சத்தம் வரும்.

அன்று கேட் திறக்கவில்லை.

அந்த இடம் வரைக்கும் வந்தாள். தட்டினாள். ஆரம்பத்துக்குத் திரும்பிவிட்டாள். மறுபடி வந்தாள். மறுபடி ஆரம்பம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் சன்னமாக. அவள் தோள் இறுகுவது நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது. அவளுக்கு அடுத்த சுரம் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தடவை திரும்பியபோது வைத்திலிங்கம் மாமா "ஆஹா" என்றார்.

அங்கேதான் ஆரம்பித்தது. அவருக்குப் பின்னால் ஒருவர். அப்புறம் ஒரு வரிசை. நம் ஊர்க் காதுக்கு ஒரே வரி திரும்ப வந்தால் அது சங்கதி. பாடகர் ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் பாடி உருக்குவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். மூன்றாவது தடவை அவள் திரும்பிப் போனபோது மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். என் அறைத்தோழி தமிழ்ச்செல்வி என் துப்பட்டாவை இழுத்து முகம் துடைத்தாள்.

அம்மா எப்படி வெளியே வந்தாள் தெரியுமா? கடைசி நிமிடத்தைக் காது கொடுத்துக் கேள். அந்தப் பாட்டில் இல்லாத இரண்டு சுரக்கொத்துகள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டின் முடிவில் வரும் ஆமென். சொனாட்டாவுக்கு ஆமென் போட்டு முடித்துவிட்டாள். மூன்றாம் பாகம் வாசிக்கவே இல்லை.

எழுந்து நின்று தட்டினார்கள். வைத்திலிங்கம் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "அதே எடத்துக்கு வந்து வந்து போனாங்க பாத்தியா பாப்பா. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி. இந்தப் பொட்டிக்குள்ள இவ்ளோ துக்கம் இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா." தமிழ்ச்செல்விக்கு ஊரில் இருக்கும் அவள் அப்பா ஞாபகம் வந்ததாம். அடுத்த வீட்டுக்காரருக்கு, செத்துப்போன பசுமாடு.

இவர்கள் பொய்யாக அழுதார்கள் என்று சொல்லவில்லை. எதைக் கேட்டு அழுதார்கள் என்பதுதான் என் கேள்வி.

உன்னிடமும் அதே கேள்வி. வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் முடியவில்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். எந்தப் பாதி?

பதிலை ஹாஸ்டல் முகவரிக்கு எழுது. அம்மா போனில் கேட்டால் ஒன்றும் சொல்லாதே.

உன்னை நம்ப ஆசைப்படும்,
அனு


கடலூர்
அக்டோபர் 20

அன்பான அக்காவுக்கு,

பதிலாக நீ கடிதம் அனுப்பவில்லை. டிசம்பரில் அம்மாவுக்கு விமான டிக்கெட்டும் உங்கள் ஊரில் ஒரு சின்ன அரங்கில் கச்சேரியும் ஏற்பாடு செய்திருக்கிறாய். அம்மாவிடம் நேராகச் சொல்லியும் விட்டாய். அவள் தையல்காரரிடம் பட்டு ரவிக்கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

என் கேள்வியை நீ தொடவே இல்லை. அதிலிருந்து எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்: கேட் திறக்காததை நீயும் கேட்டிருக்கிறாய்.

ஆனால் யோசித்தாயா? அங்கே வந்து உட்காருகிறவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியும். கேட் எந்த இடத்தில் திறக்கும் என்று தெரியும். ஆஹா சொல்லமாட்டார்கள். மரியாதையாகக் கை தட்டிவிட்டு, கோட்டு மாட்டும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அந்தப் பார்வை தெரியும். அந்த ஊர்களிலேயே வாழ்ந்தவள்.

டாக்டர் விஷயம். புதுச்சேரியில் ஞாபகமறதிக்குப் பார்க்கிறவர் ஒருவரிடம் நேரம் வாங்கினேன். கண் பரிசோதனை என்று பொய் சொல்லி அழைத்துப்போகத்தான் நினைத்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். என் போனில் அவர் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

நேற்று மதியம் சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக் கிள்ளிப் போடும் அந்த வேகம் உனக்குத் தெரியும், விரலைப் பார்க்கவே மாட்டாள். நான் மெதுவாகத் தொடங்கினேன். அவள் முடிக்கவிடவில்லை.

"என்னாடி மறதி எனக்கு? மறதிக்காரி வாசிச்சா மண்டபமே அழுவுமா? வைத்தி அண்ணன் அழுதாரே, அவுரு என்ன கைக்கொழந்தையா? ஜெயா அழுதா. அவ்ளோ தூரத்துல இருக்கிறவ அழுதா."

நீயே கணக்குப் பார், அக்கா. ஒரு மண்டபம் முழுக்க ஈரக் கண்கள் அவள் பக்கம். என் பக்கம் நான் மட்டும். அழுதவர்கள் ஒவ்வொருவரும் அவளுக்கும் அந்த டாக்டருக்கும் நடுவில் நிற்கிறார்கள். நீயும் நிற்கிறாய்.

பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ ஒருத்திதான் அழுவல. மேல இருந்து பாத்துட்டுதான் இருந்தேன். பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்த."

குழாயைத் திறந்து கை கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். பிறகு, சோறு போடட்டுமா என்று கேட்கும் அதே குரலில்:

"அடுத்த தடவ நீயும் அழுதுடு. நீ அப்டி உக்காந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிடுது."

இவ்வளவுதான் நடந்தது. சாப்பிட்டோம். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அதைக்கூட இப்போது கவனிக்கிறேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். எல்லாம் சர்ச் பாட்டு. நடுவில் ஒரு தடவை மட்டும் கேட் பாட்டின் முதல் வரி. உடனே நின்றது. பியானோ மூடி இறங்கும் சத்தம்.

அக்கா, அந்த டிக்கெட்டை மாற்று. அவள் அங்கே வர வேண்டாம், நீ இங்கே வா. கோபம் இருந்தால் கோபத்தோடு வா. நீ எந்தப் பாதியில் நிறுத்தினாய் என்று இனி கேட்கமாட்டேன். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. கிறிஸ்துமஸுக்கு வருவதாகவே அம்மாவிடம் சொல். ரவிக்கையை அன்றைக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

மண்டபம் வேண்டாம். வைத்திலிங்கம் மாமா வேண்டாம். முன்னறையில் நாம் இரண்டு பேர். பியானோவுக்கு அடியில் இப்போது உட்கார முடியாது, பக்கத்தில் தரையில் உட்காருவோம். வாசிக்கச் சொல்லுவோம். அந்த இடம் வரும்போது, அவள் தட்டித் தட்டி நிற்கும்போது, கேட் திறக்க வேண்டிய நேரத்துக்குச் சரியாக நாம் கை தட்டுவோம். திட்டட்டும். வழி அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். அதற்கப்புறமும் தெரியவில்லை என்றால் மறுநாள் மூன்று பேரும் புதுச்சேரி பஸ் ஏறுவோம்.

கர்த்தர் உன் பிரயாணத்தைக் காக்கட்டும். அம்மாவின் வாக்கியம்தான், இன்றைக்கு எனக்கும் தேவைப்படுகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, தயவு செய்து அழாதே. அழாமல் கேட்க வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை.

உன் தங்கை,
அனுப்பிரியா