உள்ளே இருப்பது ஒரே மருந்து

மச்சான்,

நேற்று கேளம்பாக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டையில் டிங்சர் வாசனை. கடப்பாக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தபோது நீ குளித்துவிட்டு வந்தாலும் அந்த வாசனை உன்னைவிட்டுப் போகாது. இறங்கும்வரை உன் நினைவாகவே இருந்தது.

என் அப்பாவை நீயும் நைனா என்றுதான் கூப்பிடுவாய். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் அடிக்கடி விழத் தொடங்கினார். அலையில் படகு தள்ளியவர், கட்டிலைவிட்டு எழுந்தால் சுவரைத் தேடினார். "வயசாய்ட்ச்சி, இன்னா பண்றது" என்று அவரே சொல்லிக்கொள்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"நைனா, வூட்ல கீற மாத்திரை எல்லாம் எடுத்துகினு வாங்க. கஷாயம், லேகியம் இருந்தாலும் சரி."

எதை எப்போது சாப்பிடுகிறார், சாப்பிட்டபின் உடம்பு எப்படி இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டாய். பிறகு இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்தாய். ஒன்று மதுராந்தகம் டாக்டர் கொடுத்தது. மற்றது, என் அக்காவைப் பார்க்க நைனா சென்னை போனபோது அங்கே ஒரு டாக்டர் எழுதியது.

"பேருதான் வேற நைனா. உள்ள கீறது ஒரே பிரஷர் மருந்து. டபுளா துன்னுகினு கீறீங்க."

"அப்ப ஒண்ணத் தூக்கிக் கடாசிடட்டா?"

"நாமளா நிறுத்தக் கூடாது. டாக்டராண்ட கேப்போம்."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நீயே கூட்டிப்போனாய். டாக்டர் சோதித்துப் பார்த்து ஒன்றை நிறுத்தினார். கொஞ்ச நாளில் நைனா சுவரை விட்டார். கடற்கரைக்கும் தனியாகப் போனார்.

இதை ஊருக்கே சொல்லவேண்டும் என்று மீன் ஏலக் கொட்டகையில் ஆட்களைக் கூட்டினாய். வீட்டுக்கே வந்து மாத்திரைகளைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாய். "வூடு வூடா மாத்திரை விக்கப் பாக்கறான்" என்று பின்னாலிருந்து சிரித்தார்கள். உனக்குப் பேச்சு தடுமாறியது. நைனா எழுந்து நின்றார்.

"இன்னாடா சிரிப்பு? எனக்கு இவன் மாத்திரை விக்கல. இருந்ததுல ஒண்ணக் கொறச்சான். நான் நடந்து வந்தத நீங்கதான பாத்தீங்க?"

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனதில் உனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது.

சில வருடங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாரி மோதி உன்னைக் கொண்டுபோனது. "என்ன எழுப்பி வுட்டுட்டு இவன் படுத்துகினானே" என்று நைனா உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் இப்போது இருக்கும் அடுக்குமாடியில், குடியிருப்போர் கூட்டத்தில் உன்னைப் பற்றிச் சொன்னேன். முடிந்ததும் கீழ்வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "எங்க மாமியாருக்கும் தலை சுத்துது சார். நிஜமாவே வீட்டுக்கு வந்து பாப்பாங்களா?" எனக்குத் தெரிந்த மருந்தாளுநர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.

அந்த அம்மா எதையாவது மறைக்கலாம், பயப்படலாம். யாருக்கும் தெரியாமல் என்னென்னவோ சாப்பிட்டதைச் சொன்னவர்களை நீ ஒருநாளும் திட்டியதில்லை. "சொன்னீங்களே, அதுவே பெரிசு" என்பாய். அதைத்தான் நானும் அந்த அம்மாவிடம் சொல்லப்போகிறேன்.