கெம்புக் கல்

மைசூர்
4.2.2024

மாரிசாமி அண்ணனுக்கு,

அமலதாஸ் சம்சாரம் செலின் எழுதுகிறேன். போனில் பேசினால் அழுகை முட்டுகிறது, கேட்க வேண்டியது நின்றுபோகிறது. அதனால் கடிதம். நீங்கள் கல் தீட்டும் பட்டறையை மூடி குண்டலுபேட்டைக்குப் போன பிறகு, அவர் தங்கியிருந்த அறையில் இப்போது நானும் மகள் நிம்மியும்தான். அவளுக்கு இங்கேயே நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் பாஷை தெரியாத ஊர்.

ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது: "நிம்மி கல்யாணத்துக்குன்னு ஒரு கெம்புக் கல்லு எடுத்து வச்சிருக்கேன். மாரிசாமிட்ட இருக்கு." துக்கத்துக்கு வந்தபோது நீங்கள் துணியில் முடிந்து கொடுத்ததை நேற்றுதான் அவிழ்த்தேன். செங்கல் துண்டு மாதிரி இருக்கிறது. நடுவில் வெள்ளைக் கோடு வேறு. எங்கள் வத்தலக்குண்டில் கெம்பு என்றால் தோட்டிலும் அட்டிகையிலும் பதிக்கிற ரத்தினம். நான் படிக்காதவள்தான், கெம்பு பார்க்காதவள் இல்லை.

அவர் கொடுத்தது எங்கே அண்ணா?

செலின்

குண்டலுபேட்டை
10.2.2024

தங்கச்சி செலினுக்கு,

அவன் கொடுத்தது அதேதான். வேறு கெம்பு என்னிடம் இல்லை. ஜாஸ்பர் கல் பாலீஷ் ஏறுவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்கும். கடைசிப் பாலீஷைப் போடாமல் போய்விட்டான் பாவி. தேய்க்கிற பொடியை மாற்றும்போதெல்லாம் கல்லையும் கையையும் நகக்கண் வரைக்கும் கழுவுவான். பழைய பொடி துளி ஒட்டியிருந்தாலும் கல் கீறிப்போகும். "ஈரத்துல எல்லாக் கல்லும் மினுக்கும்டா, காய்ஞ்சப்புறம் பாரு" என்று என்னை ஏசுவான்.

அனுப்பி வையம்மா. தோல் பட்டையில் தேய்த்து முடித்துத் தருகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

மாரிசாமி

மைசூர்
15.2.2024

அண்ணனுக்கு,

ஒரு வரியில் கெம்பு என்கிறீர்கள், அடுத்த வரியில் ஜாஸ்பர் என்கிறீர்கள். எது உண்மை? செத்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார் என்கிற தைரியமா?

நிம்மி சொன்னதால் கல்லை அனுப்புகிறேன். பின்பக்கம் அவளுடைய நெயில் பாலீஷில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அதே புள்ளியோடு திரும்ப வர வேண்டும்.

செலின்

மைசூர்
20.3.2024

மாரிசாமிக்கு,

கல் வந்தது. புள்ளி இல்லை. தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி பளபளக்கிறது, நான் அனுப்பியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தமிழ் பேசுகிற நகை ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். "கெம்பு இல்லம்மா இது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். ஒன்றை ஒளித்தது போதாதென்று அதையும் மாற்றிவிட்டீர்களா?

அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் நீங்கள். இனி எங்கள் வாசலை மிதிக்க வேண்டாம். கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வராது.

செலின்

மைசூர்
14.4.2024

மாரிசாமி அண்ணனுக்கு,

நான் எழுதியதற்கு நீங்கள் பதில் போடவில்லை. பதில் போடுகிற மாதிரி நான் எழுதவும் இல்லை.

நேற்று மார்க்கெட்டில் ஒரு கிழவி வற்றல் மிளகாயை அள்ளிக் காட்டி, "கெம்பு மெணசினகாயி பேக்கா?" என்றாள். கெம்பில் மிளகாயா என்று விழித்தேன். நிம்மி சிரித்துவிட்டாள். "அம்மா, இங்க கெம்புன்னா சிவப்பும்மா. வேற ஒண்ணுமில்ல."

சிவப்புக் கல் என்றுதான் சொல்லியிருக்கிறார் அந்த மனுஷன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து, பெண்டாட்டியிடம் பேசும்போதும் கன்னடம் கலந்திருக்கிறது. நான் ரத்தினத்தைத் தேடி உங்களைத் திருடன் ஆக்கினேன்.

வீட்டுக்கு வந்து கல்லைக் கழுவி வெயிலில் வைத்தேன். காய்ந்த பிறகும் அதே மினுக்கம். வெள்ளைக் கோடு அதே இடத்தில், அதே வளைவில். அன்றைக்கு நான் புள்ளியைத் தேடிப் பின்பக்கம்தான் பார்த்தேன். புள்ளி எங்கே போயிருக்கும்? அவரைப் போலவே நகக்கண் வரைக்கும் கழுவித் தேய்க்கிற உங்கள் கை, அதை விட்டு வைக்குமா?

வெள்ளியில் டாலர் கட்டச் சொல்லியிருக்கிறேன். மே மாதம் கல்யாணம். அவள் அப்பா போட வேண்டியதை நீங்கள் வந்துதான் அவள் கழுத்தில் போட வேண்டும். அதுவரை டப்பாவில் இருக்கும்.

எனக்கு இப்போது ஒரே சந்தேகம்தான் அண்ணா. என் கையெழுத்தைப் பார்த்தால் கவரைப் பிரிக்காமல் போட்டுவிடுவீர்களோ என்று. அதனால் விலாசத்தை மட்டும் நிம்மியை எழுதச் சொன்னேன்.

உங்கள் தங்கச்சி
செலின்