கண்ணாடி ஃப்யூஸைக் கழற்றிவிட்டேன்

அண்ணனுக்கு,

நாளை வீராம்பட்டினம் ஐஸ் கம்பெனிக்கு நீங்கள் கொண்டுபோகும், கரண்ட் சோதிக்கும் பெட்டியில் இருந்த கண்ணாடி ஃப்யூஸை எடுத்துவிட்டேன். அது ரேடியோவுக்குச் செய்தது. அதற்குப் பதில் பீங்கான் ஃப்யூஸ் போடச் சொன்னதற்குத்தான் "ரெண்டுலயும் அஞ்சு ஆம்பியர்னுதானடா எழுதியிருக்கு" என்று மதியம் உங்கள் மச்சான் முன்னால் கத்தினீர்கள். எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்ததற்கா சர்டிபிகேட் கொடுத்தார்கள்? ரேடியோவில் ஷார்ட் ஆனால் உள்ளே கம்பி உருகும், அதோடு சரி. ஐஸ் கம்பெனி டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஷார்ட் ஆனால் பாய்கிற கரண்டுக்குக் கண்ணாடியே வெடிக்கும், நெருப்பும் நிற்காது. பெட்டி உங்கள் கையில் இருக்கும். முகம் அதற்கு ஒரு முழம் மேலே.

மணல் அடைத்த பீங்கான் ஃப்யூஸ் போட்டிருக்கிறேன், இரண்டு ஒயரிலும். பெட்டிக்குள் அடங்காமல் வெளியே தொங்குகிறது. நீங்கள் பாலிஷ் போட்ட தேக்குக்கு அழகில்லைதான்.

"படிப்ப பாதியில வுட்ட பய எனக்குப் பாடம் எடுக்குறியா?" என்றீர்கள். மில் நைட் ஷிப்டில் ஃப்யூஸ் வெடித்து வெந்த இரண்டு பேர் முகத்துக்கு மருந்து தடவியவன் நான். உங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் கிடையாது.

அண்ணி கோயிலிலிருந்து வர ஏழு மணியாகும். மீன் குழம்பு மூடியிருக்கிறது, பூனை உள்ளே வந்துவிடாமல் பின்கதவைச் சாத்துங்கள்.

சவரி

பழையதைத் தேட வேண்டாம். வீட்டிலிருந்த கண்ணாடி ஃப்யூஸ் அத்தனையும் என் பையில் மில்லுக்கு வருகிறது.

காலையில் நான் வருவதற்குள் கிளம்பிவிடுவீர்கள். சாயங்காலம் வந்து திட்டுங்கள். திட்டும்போது இரண்டு கண்ணாலும் முறைக்க முடிந்தால் போதும்.