தனபாக்கியம் திரும்பி வரவில்லை

முருகன் துணை

பழனி
14.11.1961

சௌபாக்கியவதி பொன்னுத்தாய்க்குக் குருநாதன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். அங்கு நீயும் மாமாவும் சுகமாயிருக்க ஆண்டவன் அருள் செய்யட்டும்.

நீ கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. நான் போட்ட கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரன் கவுஞ்சி வரைக்கும் மலையேறுவதில்லையா, இல்லை உனக்கு எழுதக் கை வரவில்லையா தெரியவில்லை. போகட்டும், இன்றைக்கு நான் சண்டைக்கு எழுதவில்லை.

தீபாவளிக்கு இங்கே தியேட்டரில் 'தனபாக்கியம் வந்தாள்' போட்டிருக்கிறார்கள். நம் தனபாக்கியம்தான். போன வருஷம் ஞாயிறு தவறாமல் ரேடியோவில் கேட்டோமே, அதே நாடகத்தின் தொடர்ச்சி. நாடகம் அவள் புருஷன் வீட்டை விட்டு வெளியேறியதோடு முடிந்து போயிற்று அல்லவா, அதற்குப் பிறகு என்ன ஆனது என்று படத்தில் காட்டுகிறார்கள். பட்டணத்தில் தையல் வேலை பார்த்து, நோயில் படுத்து, கடைசியில் புத்தி வந்து, மழையில் நனைந்துகொண்டே திரும்பி வருகிறாள். வாசலிலேயே புருஷன் காலில் விழுகிறாள். அவன் தூக்கி நிறுத்துகிறான். தியேட்டரில் மூக்கு உறிஞ்சாத பெண் கிடையாது. அம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டாள். திரும்பி வரும்போது, "அவளே வந்துட்டா, நம்ம வீட்டுக்காரி எப்படா வருவா?" என்று நடுரோட்டில் கேட்டாள்.

கோபத்தில் ஒரு அறை. எந்த வீட்டில் இல்லை? தைப்பூசம் வருகிறது, பஞ்சாமிர்தக் கடையில் இரண்டு கை போதவில்லை. வந்து சேர். மாமாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

குருநாதன்


கவுஞ்சி
20.11.61

மச்சான் அவர்களுக்குப் பொன்னுத்தாய் வணக்கம். நாங்கள் சுகம். அத்தை சுகமாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடத்தான் போனேன். அப்புறம், இதற்குப் பதில் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

யாரைக் கேட்டு அவளைத் திரும்பி வரவைத்தார்கள்? எந்தக் கூறுகெட்டவன் இந்தக் கதையை எழுதினான்? அவள் வெளியேறிய அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஐந்து மணிக்கே வியாபாரத்தை நிறுத்தி ரேடியோவைக் கல்லாமேசையில் தூக்கி வைத்தீர்கள். தெருவே நம் கடை வாசலில் நின்றது. நாடகத்தில், கல்யாணத்துக்கு வந்த ஜனம் அத்தனை பேர் முன்னாலும் புருஷன் அவளை அடித்தான். அவள் அழவில்லை. "போயிட்டு வர்றேன்னு சொல்ல மாட்டேன். போறேன்," என்று சொன்னாள். நம் வீடுகளில் எந்தப் பெண்ணாவது வாயைத் திறந்து 'போறேன்' என்று சொல்லுவாளா? நீங்கள் மேசையில் ஓங்கித் தட்டி, "பொம்பளைன்னா இவ பொம்பளை!" என்றீர்கள். சொன்னது நீங்கள்தான், வேறு யாருமில்லை.

பங்குனி உத்திரத்துக்கு அதே மேசைக்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். காங்கேயத்துக்காரி கைப்பிள்ளையோடு பஞ்சாமிர்தம் கேட்டாள். நீங்கள் எடுத்த டப்பா புளித்துப் போனது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அது பழசும்மா, பிள்ளைக்குக் குடுத்துராதீங்க," என்று சொன்னேன். காவடிக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க என் கன்னத்தில் அறைந்தீர்கள். அதோடு விட்டீர்களா? அந்த டப்பாவையே அவளிடம் விற்றுவிட்டுத்தான் திரும்பினீர்கள். ரேடியோவில் அடித்தவனை வாய்க்கு வந்தபடி வைத மனுஷன் நீங்கள். 'கோபத்தில் ஒரு அறை'யாம்! எழுதக் கை கூசவில்லையா?

இங்கேயும் ஊரே அந்த நாடகத்தைக் கேட்டதுதான். பஞ்சாயத்து ரேடியோப் பெட்டிச் சாவி எங்கள் அய்யாவிடம்தான் இருக்கிறது. பூண்டு உரிக்கும் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு மந்தைக்கு ஓடுவார்களாம். நீங்கள் எழுதியதை இருளாயி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "பொய்யி! அவ எதுக்குடி அந்தப் பய வீட்டு வாசப்படிய மிதிப்பா?" என்று என்மேலேயே பாய்ந்தாள். வருகிற வாரம் குதிரைகளில் பூண்டு ஏற்றிக்கொண்டு அய்யா பழனிக்கு இறங்குகிறார். இருளாயி அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் கூடப் போய்த் தங்கள் கண்ணாலேயே பார்க்கப் போகிறார்கள். நான் வரமாட்டேன். அந்தக் கண்ராவியை நான் பார்க்க வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அய்யா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவும் உங்கள் புண்ணியம்தான்.

தங்கள்
பொன்னுத்தாய்


பழனி
29.11.1961

பொன்னுத்தாய்க்கு,

உன் ஊர்க்காரிகள் வந்து போன லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று முதல் ஆட்டத்தில் படம் பாதி ஓடும்போதே அந்த இருளாயி, "இவ யாருடி? நம்ம பிள்ள கொரலு இதில்லையே!" என்று கத்த ஆரம்பித்தாளாம். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். படம் முடிந்ததும் டிக்கெட் கொடுப்பவனை மறித்துக்கொண்டு, "தனபாக்கியத்த எங்கய்யா வெச்சிருக்கீங்க?" என்று நியாயம் கேட்டிருக்கிறார்கள். அவன், "ரேடியோவுல பேசுனது வேற அம்மா, படத்துல நடிக்கிறது வேற அம்மா," என்று பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறான். "அப்ப வேற எவளையோ கூட்டியாந்து அவன் கால்ல விழ வெச்சிட்டு எங்க பிள்ள பேரச் சொல்லுவீங்களா? காசக் குடு!" என்று ரகளை. போஸ்டரில் சாணி. காலையில் கடைக்கு வந்தவனெல்லாம், "உங்க மாமனார் ஊருச் சனமாமே?" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

நல்லவேளை, மாமா அந்தக் கூட்டத்தோடு படத்துக்குப் போகவில்லை. பூண்டு விற்பதற்காகத் தங்கிவிட்டார். இன்று காலையில் கடைக்கு வந்தார். காப்பி சாப்பிட்டார். அம்மாவே எதிரில் உட்கார்ந்து பேசினாள். "பெத்தவன் எத்தன நாளைக்கு வீட்டுல வெச்சிருக்க முடியும், தை பொறக்கவும் நானே கொண்டாந்து விடுறேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான். இனி உன் பேச்சுக்கு இடமில்லை.

குருநாதன்


கவுஞ்சி
5.12.61

மச்சான் அவர்களுக்கு,

அய்யா மலையேறி வந்தார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "தை பொறக்கவும் கொண்டு போயி விடுறேன். துணிமணிய எடுத்து வெச்சுக்க," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். படம் பார்த்தாரா, அங்கே என்ன நடந்தது, ஒரு பேச்சு இல்லை. கேட்டால், "எனக்குச் சோலி கெடக்கு," என்று எழுந்து போகிறார். வீடும் அவருடையது, காடும் அவருடையது. அவரே போ என்று சொன்ன பிறகு நான் எந்த மரத்தடியில் போய் உட்காருவது? வருகிறேன். துணியை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். உங்களுக்குச் சந்தோஷம்தானே?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பெண்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவு கட்டிவிட்டார்கள். படத்தில் வந்தது தனபாக்கியமே இல்லை. முகத்தை யார் கண்டது? ஒரு வருஷம் நாங்கள் கேட்டது அவள் குரலைத்தான். அந்தக் குரல் படத்தில் இல்லை என்றால் அவள் படத்தில் இல்லை. யாரோ ஒருத்தி அவள் சேலையைக் கட்டிக்கொண்டு போய் அவன் காலில் விழுந்திருக்கிறாள். நம்முடையவள் எங்கேயோ ஒரு ஊரில் தைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள் என்று இருளாயி அக்கா அடித்துச் சொல்கிறாள். நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

தையில் உங்கள் வீட்டுக்கு வருகிறவளும் அப்படித்தான் இருப்பாள். முகம் என்னுடையது இருக்கும். கடையில் நிற்பாள். நீங்கள் எந்த டப்பாவை எடுத்து நீட்டினாலும் வாங்கி விற்பாள், பழசா புதுசா என்று பார்க்க மாட்டாள். அத்தைக்குக் கால் பிடித்து விடுவாள். என் குரல் மட்டும் வராது. ஒரு வார்த்தை உங்களோடு பேச மாட்டேன். ஊமைப் பெண்டாட்டியோடு தைப்பூசம் கொண்டாடுங்கள்.

பொன்னுத்தாய்


பழனி
11.12.1961

பொன்னுத்தாய்க்கு,

எவ்வளவு திமிர் உனக்கு! குரல் வராதாமே? உன் குரலைக் கேட்காமல் இங்கே யாருக்கும் காது அரிக்கவில்லை. கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொதித்துப் போய்விட்டாள்.

போனால் போகிறது, பெரியவர் விஷயம் என்று நானும் அம்மாவும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இவ்வளவு எழுதிவிட்டாய், இனி எதற்கு மூட வேண்டும்? உன் அப்பா இங்கே செய்துவிட்டுப் போன காரியம் உனக்குத் தெரியாத மாதிரி எழுதுகிறாயே, அந்த நடிப்பு என்னிடம் வேண்டாம்.

காலையில் எங்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போன மனுஷன், அன்று மதிய ஆட்டத்துக்குத் தனியாக வந்திருக்கிறார். அம்மா மூன்றாவது தடவையும் பார்க்க வேண்டும் என்றதால் நானும் அவளும் சேரில் இருந்தோம். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. கடைசிக் காட்சியில் அவள் புருஷன் காலில் விழுந்தாள் பார், இவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். திரையைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்துகிறார். "ஏத்தா, எந்திரி! அவன் கால்ல எதுக்குத்தா விழுகுற? எந்திரிச்சு வெளிய வா! ஒங்கய்யா உசுரோடதான இருக்கேன்!" ஜனம் சிரித்தது. பின்னால் விசில் அடித்தார்கள். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. மறுபடியும் மறுபடியும் கத்தினார். கடைசியில் தனபாக்கியம் என்ற பெயர்கூட அவர் வாயில் இல்லை. "பொன்னுத்தாயி, எந்திரிச்சு வாத்தா, வீட்டுக்குப் போவோம்," என்று உன் பெயரைச் சொல்லி அழுதார். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நம் தெருக்காரர்கள். எல்லாருக்கும் என் பெண்டாட்டி பெயர் தெரியும். கேட்டில் நிற்கிறவன் வந்து அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்த வயதில் அவளுக்கு இந்த அவமானம் தேவையா?

அதனால் இப்போது நான் சொல்வதைக் கேள். உன் அப்பா தெருவார் முன்னிலையில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம்தான் நீ வாசற்படி ஏறலாம். அவர் கேட்க மாட்டார் என்றால் நீ வரவே வேண்டாம். அங்கேயே கிட.

குருநாதன்


கவுஞ்சி
17.12.61

பழனி குருநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சத்தியமாக எனக்கு இது தெரியாது. அய்யா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்கள் எல்லாரும் முந்தின நாளே பார்த்துவிட்டு விடியவும் மலையேறிவிட்டார்கள், அவர்களுக்கும் தெரியாது. நீங்கள் எழுதித்தான் தெரிந்தது.

ஒன்பது மாதமாக இந்த வீட்டில் நான் ஒரு பாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துப் பேசியதும் என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று நினைத்தேன். தட்டில் சோறு போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அய்யா பாத்தி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று நீங்கள் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். "அந்தப் பய பாத்துட்டானா?" என்று கேட்டார். அப்புறம் வரப்பில் உட்கார்ந்து அழுதார். எங்கள் ஆத்தா செத்த அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை.

"குடுத்த வாக்கு ஒண்ணு இருக்கேத்தா," என்றார்.

"எந்த வாக்கு அய்யா? காலையில அவுக கடையில காப்பியக் குடிச்சிட்டுச் சொன்னீகளே, அதா? மத்தியானம் என் பேரச் சொல்லிக் கத்துனீகளே, அதா?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். இத்தனை நாள் அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அதில் இருந்தது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மத்தியானம் சொன்னதுதான்த்தா," என்றார்.

அதனால் அய்யா மன்னிப்புக் கேட்க வரமாட்டார். நானும் வரமாட்டேன். நீங்கள் மட்டும் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் தை பிறந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வந்து உங்கள் கடையில் நின்றிருப்பேன். உங்களுக்கு அவமானமாகப் பட்டதைத்தான் எழுதினீர்கள். எனக்கு அது போதும்.

தைப்பூசத்துக்குக் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தையைக் குளிரில் அதிகம் அலைய விட வேண்டாம். எனக்கு இனிக் கடிதம் போட வேண்டாம்.

சின்னச்சாமி மகள்
பொன்னுத்தாய்