தரையில் ஓட்டிய கப்பல்கள்

அன்பு நண்பா,

காலையில் அடுப்பு மூட்டத் தீக்குச்சி கிழித்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் செம்பவாங் கப்பல்தளக் குவார்ட்டர்ஸில் உன் வீட்டுச் சிமெண்டுத் தரை கண்முன் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன், இனிப் பேசலாம்.

இழுவைப் படகில் சுக்கான் பிடிக்கும் பரீட்சைக்கு நீதானே என்னைத் தயார் செய்தாய்! நீயோ ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. படகில் ஏறினாலே வாந்தி எடுப்பாய். ஆனாலும் விதிப்புத்தகத்தை வாசித்து, தரையில் சாக்பீஸால் துறைமுகம் வரைந்து, தீப்பெட்டிகளைக் கப்பலாக ஓட்டினாய். "வலப்பக்கம் வர்றவனுக்கு வழி விடுடா" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பாய். நான் ஒருமுறை நகர்த்த, நீ ஒருமுறை நகர்த்துவாய். ஞாயிறுதோறும் தாயம் ஆடிய புத்தி வேறெப்படிப் போகும்?

பரீட்சை மேசையிலும் மரத்தில் செய்த சின்னக் கப்பல்கள்தாம். பரீட்சை வைத்த வெள்ளைக்காரத் துரை தன் கப்பலைத் தள்ளினார். நான் என் படகை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, அவர் முறை முடியட்டும் என்று காத்திருந்தேன். மனிதர் நிறுத்தவே இல்லை. தள்ளிக்கொண்டே வந்து இடித்து, "மூழ்கிட்டே, போ" என்று மலாயில் சொல்லிவிட்டார்.

இன்னொரு தரம் தோற்றால் ஆயுசுக்கும் படகில் கயிறு இழுக்கும் ஆளாகவே கிடக்க வேண்டியதுதான். நீ என்னைவிட இடிந்துபோனாய். "என்னாலதான்டா கெட்டுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாய். சமையல் செய்துகொண்டிருந்த உன் மனைவிதான் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "ஏண்ணே, கடல்ல யாராவது முறை வெச்சா போறாங்க?" அடடா, நம் இரண்டு மேதாவிகளுக்கும் அது தோன்றவே இல்லையே!

அப்புறம் ஒரே நேரத்தில் தள்ளிப் பழகினோம். அந்தத் தங்கச்சியே கரண்டியும் கையுமாக வந்து, சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே ஒரு தீப்பெட்டியை விடுவாள். இரண்டாம் தரம் தேறினேன்.

அடுத்த மாதமே, மழை கண்ணை மறைத்த ஒரு பகலில், வலப்பக்கமிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு சம்பான் துடுப்புப் படகு குறுக்கே வந்தது. என் கை காத்திருக்கவில்லை. சுக்கானை முழுக்கத் திருப்பினேன். ஆறடி இடைவெளியில் தப்பினார்கள். பதினோரு பேரும் மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் உன்னிடம் வந்து சொன்னேன். "திட்டட்டும்டா. திட்டுறதுக்கு ஆள் இருக்கே, அது போதும்லா" என்றாய்.

இப்போது யார் என்னைத் திட்டினாலும் கோபம் வருவதில்லை, நண்பா. உயிரோடிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது.