ரெண்டு பேர் போக மத்தவங்க

ஏற்காடு
3 பிப்ரவரி 2025

அன்புள்ள சசிரேகாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதத்தை ஒரு நல்ல விஷயத்தில் தொடங்க வேண்டும் என்று ஆலோசகர் தெரசம்மாள் சொல்லியிருக்கிறார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து முடித்துவிட்டோம், ரைட்டர் என்ற முறையில் கூலிக் கணக்கும் எழுதி முடித்துவிட்டேன். தற்சமயம் இதைவிட நல்ல விஷயம் என்னிடம் இல்லை.

போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், கடிதத்தில் அது முடியாது என்று அந்த அம்மா சொன்னது நியாயமாகத்தான் படுகிறது. விவாகரத்துக்கு மனுப் போட்ட பிறகு மனைவிக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. தபால்பெட்டிப் பக்கம் என்னைப் பார்த்த போஸ்ட்மேன், "இந்தக் காலத்துலயும் சம்சாரத்துக்குக் கடுதாசி போடறீங்களா? அவுங்க குடுத்து வெச்சவுங்க" என்றார். நான் மறுக்கவில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி கோர்ட்டில் கடைசிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு நாள் நாம் இருவர் மட்டும் எங்காவது போய்வர வேண்டும் என்பது அவருடைய அடுத்த உத்தரவு. கரடியூருக்குக் கீழே எஸ்டேட் ஏரிக்கரையில் முபாரக் பாய் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார். மார்ச் முதல் தேதி, சனிக்கிழமை. கேட்டுவிட்டேன். "எத்தன பேருங்க ரைட்டரே?" என்றார். "ரெண்டு பேர்" என்றேன். அதை நோட்டில் எழுதிக்கொண்டு, "ரெண்டு பேர் போக மத்தவங்க எத்தனங்க?" என்றார். நம் குடும்பத்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

உனக்குச் சம்மதமா என்று எழுது.

மார்ச் பன்னிரண்டு வரை உன் கணவன்,
பிரபாகர்


சேலம்
7 பிப்ரவரி 2025

பிரபாகர் அவர்களுக்கு,

நலம். நல்ல விஷயம்: எங்கள் விடுதியில் குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டார்கள்.

கூடாரத்துக்குச் சம்மதம். ஏற்காட்டில் சொந்த வீடு இருக்கிறவர் ஏற்காட்டிலேயே கூடாரத்துக்கு வாடகை கொடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் கணக்கு டீச்சர். விடை தப்பு என்றாலும் வழி சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.

ஒரே நிபந்தனை. இருவர் என்றால் இருவர். நாம் தேனிலவுக்கு ஊட்டி போனபோது உங்கள் அத்தாயி அத்தை ஊட்டி பார்த்ததில்லை என்று அவரையும் கூட்டிக்கொண்டீர்கள். அத்தைக்குத் துணை வேண்டுமே என்று உங்கள் அம்மாவையும். நீங்கள் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண் இல்லை. வக்கீல் காரணம் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறார்கள்" என்றேன். அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லையாம்.

எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்த சமயம் நினைவிருக்கிறதா? கட்டிலைச் சுற்றி உங்கள் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி கொடுத்துவிட்டு உங்களுக்கு இடமில்லாமல் வாசல்படியில் நின்றீர்கள். பிள்ளை ஏன் இல்லை என்பதைக்கூட நாம் இருவரும் தனியாகப் பேசியதில்லை. கூட்டத்தில்தான் பேசினோம். அதில் நம்மைத் தவிர எல்லோருக்கும் கருத்து இருந்தது.

எல்லோரும் நல்லவர்கள்தான். அதுதான் கஷ்டம்.

இப்படிக்கு,
இரண்டாம் மனுதாரர்
சசிரேகா


ஏற்காடு
14 பிப்ரவரி 2025

அன்புள்ள சசிக்கு,

நல்ல விஷயம் எதுவும் இல்லாததால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நடந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். எதற்கென்று அத்தாயி அத்தை கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. "ஏரிக்கரையில கூடாரத்துல தங்கறதுக்குப் போறேன் அத்தே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பேச்சுக்கு, "நீங்களும் வாங்க" என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரியாததா? சாப்பிடும்போது யாராவது வந்தால் "சாப்பிடுங்க" என்கிறோம். அவர்கள் "இப்பத்தான் ஆச்சு" என்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதை காப்பாற்றப்படுகிறது, சோறும் மிஞ்சுகிறது. அதுபோல "போயிட்டு வா கண்ணு" என்று அத்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "எப்பங் கண்ணு?" என்றார்.

அத்தை வந்தால் அம்மா வர வேண்டும். அம்மா வந்தால் வெங்கடேஷ் அண்ணனும் கலா அண்ணியும். பக்கத்து வீட்டு பானு வந்து, "ஊடே கெளம்புதுங்களா?" என்று கேட்டாள். என் வாய் தானாக, "நீயும் வா பானு" என்றது. பானுவுக்கு இரண்டு நாத்தனார்கள். அண்ணன் வேன் பேசிவிட்டான். நம் இருவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சசி வரட்டும் சாமி, அவளையும் பாத்து நொம்ப நாளாச்சு, எல்லாருமா இருந்தா அவளுக்கும் மனசு மாறும்" என்றார்.

தடுக்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிரபாகர்


சேலம்
18 பிப்ரவரி 2025

பிரபாகர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஏரிக்கு நான் வரவில்லை. நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிடுகிறேன்.

ஆதார் நகல் கொண்டுவாருங்கள். கோர்ட்டுக்கு யாரையும் ஒரு பேச்சுக்குக்கூட அழைத்துவிடாதீர்கள்.

சசிரேகா


ஏற்காடு
22 பிப்ரவரி 2025

அன்புள்ள சசிக்கு,

நீ வரவில்லை என்று எழுதியது நியாயம். ஆனாலும் நடந்ததை எழுதிவிடுகிறேன். தெரசம்மாள் கேட்டால் முயற்சி செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

முதலில் அட்டைப்பூச்சியைச் சொன்னேன். அண்ணி உப்பு மூட்டை கட்டினார். குளிரைச் சொன்னேன். அண்ணன் மெத்தைகளைக் கட்டினான். ஏரிக்குக் காட்டெருமை தண்ணீர் குடிக்க வரும் என்றேன். பானுவின் நாத்தனார்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறோம் என்றார்கள். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு சாமான் கூடியதே தவிர ஆள் குறையவில்லை.

கூடாரத்தில் இட்லி கிடைக்காது என்று அத்தையிடம் சொன்னது என் கடைசி முயற்சி. இப்போது இட்லிக் குண்டாவும் கேஸ் அடுப்பும் வருகின்றன. நேற்று அண்ணன் இடம் பார்க்கப் போயிருந்தான். அத்தைக்கு மூட்டுவலி, கூடாரத்துக்குள் கட்டில் நிற்குமா என்று முபாரக் பாயிடம் கேட்டிருக்கிறான். பாய் சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க ரைட்டரே, இது கூடாரத்துக்கு வர்ற கூட்டமா, இல்ல பொண்ணு பாக்க வர்ற கூட்டமா? சொல்லிட்டீங்கன்னா அதுக்குத் தக்கன ஏற்பாடு பண்ணிப்போடுவனுங்க."

வேனில் இனி இடமில்லை. எல்லோருமாக ஊருக்குப் போனால் பானுதான் வந்து வீட்டில் இருப்பாள். அவளும் வேனில். பூட்டிவிட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று அம்மா இரண்டு நாளாகக் கவலைப்படுகிறார். நான் பிறந்ததிலிருந்து அந்த வீடு பூட்டப்பட்டதில்லை. ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் இன்னொருவர் வந்து உட்கார்ந்திருப்பார்.

உனக்கு இதெல்லாம் சிரிப்பாகக்கூட இருக்காது. மன்னித்துக்கொள்.

பிரபாகர்


சேலம்
25 பிப்ரவரி 2025

பிரபாகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியதை நீங்களே படிக்கவில்லை என்று தெரிகிறது.

சனிக்கிழமை அந்த வீட்டில் யார் இருப்பார்கள்?

ஒருவரையும் தடுக்காதீர்கள். கட்டில் வேண்டுமென்றால் கட்டில் கொடுங்கள். எல்லோரும் ஏரிக்குப் போகட்டும். நான் காலை பஸ்ஸில் மேலே வருகிறேன். ஞாயிறு மாலை வரை அந்த வீட்டில் நாம் இருவர்.

ஆனால் ஒன்று. வயிற்றுவலி, ஆபீஸ் வேலை, எஸ்டேட் துரை வருகிறார் என்று எதையும் சொல்லக் கூடாது. நீங்கள் போகவில்லை, நான் வருகிறேன், நாம் இருவர் மட்டும் இருக்கப் போகிறோம் என்பதை உங்கள் வாயால் அவர்களிடம் சொல்ல வேண்டும். உங்களால் அது முடியாவிட்டால் வேனில் ஏறிப் போய்விடுங்கள். நான் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன், பன்னிரண்டாம் தேதி பார்ப்போம். அதில் எனக்குக் கோபமும் இருக்காது.

சசிரேகா


ஏற்காடு
4 மார்ச் 2025

அன்புள்ள சசிக்கு,

"எப்படிச் சொன்னீர்கள்?" என்று சனிக்கிழமை காலை வாசலில் வைத்துக் கேட்டாய். எழுதுகிறேன் என்றேன். நேரில் சொல்லியிருந்தால் கொஞ்சம் அழகாக்கியிருப்பேன்.

வேன் வாசலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் ஏறியாயிற்று. அண்ணி மடியில் மிக்ஸி. ஜன்னல் ஓரத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். "ஏறு சாமி, நேரமாவுது" என்றார் அம்மா.

"நான் வரலீங்கம்மா" என்றேன்.

"வவுறு சரியில்லையா?" என்றார் அம்மா. "எஸ்டேட்டுல வேலையாட்ட இருக்குது, பாவம்" என்றார் அண்ணி. "குளுரு ஆவாது அவனுக்கு, சின்னதுலயே அப்படித்தான்" என்றது பின் சீட்டு. ஆளுக்கொரு பொய்யை எடுத்து அன்போடு நீட்டினார்கள். எதை வாங்கிக்கொண்டாலும் போதும். இத்தனை வருடமாக நான் அப்படித்தான் பிழைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. சசி வர்றா. நாங்க ரெண்டு பேரு மட்டும் ஊட்டுல இருக்கப் போறோம்."

டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார். அம்மா சீட்டிலிருந்து எழுந்தார். "அப்ப நானும் எறங்கிக்கறேன். சோறாக்க ஆளு வேணுமல்ல" என்று ஒரு காலைப் படியில் வைத்தார். இதை நீ எழுதிக் கொடுக்கவில்லை.

"வேண்டாங்கம்மா. நாங்க ஆக்கிக்குவோம்" என்றேன். அம்மா காலை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் அம்மாவுக்குச் சொன்ன முதல் "வேண்டாம்" அது என்று நினைக்கிறேன். பிறகு அவராகக் காலை உள்ளே எடுத்துக்கொண்டார். கதவை நான் சாத்தினேன்.

உள்ளே அத்தாயி அத்தை அம்மாவிடம் சொன்னது கேட்டது: "உடுங்க அண்ணி. ஊட்டியில இதுக இருந்த இருப்பு எனக்குத் தெரியாதா? ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்துச்சு. அன்னிக்கே நான் போயிருக்கக் கூடாது. கூப்புட்டானேன்னு போனேன். தம்பி, வண்டிய எடு."

கூப்பிட்டதால் வந்தாராம். அவருக்கு வர ஆசை என்பதால்தான் கூப்பிட்டேன் என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தேன்.

மற்றதெல்லாம் நீ இருந்து பார்த்தது. அவர்களுக்கு ஏரி பிடித்துவிட்டது. காட்டெருமை வரவில்லை. இவர்கள் சத்தத்துக்கு வேறு காட்டுக்குப் போயிருக்கும். முபாரக் பாய் மட்டும் ஒரு சுற்று இளைத்திருக்கிறார்.

அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று காலை, "அவ நல்லாச் சாப்பிட்டாளா?" என்று கேட்டார். "நல்லாச் சாப்பிட்டாம்மா" என்றேன்.

செம்மநத்தத்தில் எஸ்டேட் குவார்ட்டர்ஸ் ஒன்று காலியாக இருக்கிறது. இரண்டு அறை. துரையிடம் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். நீ வருவாய் என்று சொல்லிக் கேட்கவில்லை. நீ வராவிட்டாலும் நான் போவதாக இருக்கிறேன். பால் காய்ச்சும்போது எல்லோரும் வருவதாக அண்ணி சொன்னார். நான் கூப்பிடவில்லை. அவராகச் சொன்னார். "பாக்கலாங்க அண்ணி" என்றிருக்கிறேன். "வேண்டாம்" இன்னும் சரளமாக வரவில்லை.

பன்னிரண்டாம் தேதிக்கு ஆதார் நகல் எடுத்து வைத்துவிட்டேன். தேவையா இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும்.

பிரபாகர்


சேலம்
8 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை பஸ் மேலே ஏற ஏற எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் வேனில் போயிருப்பீர்களோ என்று இல்லை. போயிருந்தால் சுலபம். நீங்கள் இருந்து, யாரும் இல்லாமல், நமக்குள் பேச ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? இவ்வளவு நாள் எல்லாப் பழியையும் கூட்டத்தின் மேல் போட்டாயிற்று. கூட்டம் போன பிறகு மிச்சம் இருப்பது நாம்தானே.

அப்படிப் பார்த்தால் நாம் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. நீங்கள் வைத்த ரசம் ரசமாக இல்லை. அதையும் யாரும் வந்து சொல்லவில்லை. மத்தியானம் நான் கூடத்தில் பாயைப் போட்டுத் தூங்கிவிட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் பகலில் படுத்ததில்லை. எழுந்தபோது நீங்கள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பக்கம் திருப்பும் சத்தம் கேட்கக் கூடாது என்று ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்திருக்கிறீர்கள். அது வரி விளம்பரப் பக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பற்றிப் பேசினோம். இரண்டே பேர். நான் அழுதேன், நீங்கள் எழுந்து போய் யாரையும் கூட்டி வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உடம்பு இறகு போல இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் எப்போதும் வரும் குமட்டல்கூட வரவில்லை.

நேற்று வக்கீலிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கையெழுத்து இல்லை. மனுவைத் திரும்பப் பெற இருவரும் ஒருமுறை நேரில் வர வேண்டுமாம், வருவோம். தெரசம்மாளிடமும் சொன்னேன். "ஏரிக்கரைன்னா மனசு லேசாகும், நான் அப்பவே சொன்னேனில்லங்க" என்றார். அவருக்கு நிறைய வேலை இருக்கிறது, நான் திருத்தவில்லை.

பள்ளிக்கூட நாட்களில் விடுதியில் இருப்பேன். வெள்ளிக்கிழமை மாலையில் செம்மநத்தத்துக்கு. அண்ணியை மறுக்க வேண்டாம், விசாரித்துவிட்டேன். அந்த ரோட்டில் வேன் திரும்ப இடமில்லை. ஜீப்பில் வந்தால் வரட்டும். சாப்பாடு போட்டு, பொழுது இருக்கும்போதே அனுப்பிவிடுவோம். அம்மாவை ஒருநாள் நானே கூப்பிடுகிறேன். உண்மையாகக் கூப்பிடுவேன்.

வருகிற வெள்ளி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். தனியாக.

சசி