‘ஆகட்டும்’ என்ற சொல்லும் கரும்பாறை ஏரியின் சாவியும்

நலம் பொலிக. நீரும் நெல்லும் இரு நாட்டிலும் நீங்காதிருக்க.

மலை பதினெட்டுக்கும் உரியவரும், யானை ஏறாத உச்சியில் கொடி ஏற்றியவரும், தேனும் தினையும் குறையாத கடம்பக்குன்றத்தை ஆள்பவருமாகிய அரசர் பெருமான் நெடுவரையரின் திருமுன்பு, புன்னைவாயில் நாட்டின் தலைமை அமைச்சன் சாத்தங்கீரன் பலமுறை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் கொற்றமும், தங்கள் யானைகளும் அவற்றின் பாகர்களும், தங்கள் அரண்மனை மடைப்பள்ளியும் குறைவின்றி விளங்குக.

எங்கள் அரசர் அருங்கோவேள் நலமாக இருக்கிறார். சென்ற மாதம் வரை புலவர்கள் அவரை ‘மறுத்தறியாப் பெருமான்’ என்று பாடி வந்தார்கள். இப்போது அந்தப் பட்டத்தைக் கேட்டால் அரசருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அதன் காரணத்தைத் தங்களுக்கு எழுதுவது அடியேனுக்குப் பெருமை தரும் வேலை அல்ல. ஆயினும் எழுதாவிட்டால் ஏழு ஊர்களின் பயிர் போய்விடும்.

பங்குனி விழா விருந்துக்குத் தங்கள் தூதர் தேனூர்க் கூத்தனார் எழுந்தருளினார். விருந்து முடிந்தபின் அவர் பேசத் தொடங்கினார். தங்கள் மலையின் குளிர்ச்சியைப் பேசினார், எங்கள் கடலின் நீலத்தைப் பேசினார், இரு நாட்டு நட்பை மூன்று நாழிகை பேசினார். முடிவில் அதே குரலில், எங்கள் கரும்பாறை ஏரியின் மதகுச் சாவி தங்கள் காவலில் இருப்பது நட்புக்கு அடையாளமாகும் என்று கூறி நிறுத்தினார். அவை அமைதியாயிற்று. எங்கள் அரசர் ‘ஆகட்டும்’ என்றார். மதகுக் காவலர் ஏறன் அப்போதே இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். தங்கள் ஆட்கள் மறுநாளே மதகைப் பூட்டி, பூட்டின்மேல் புலி முத்திரை வைத்துச் சென்றார்கள். அந்த முத்திரையை நாங்கள் உடைத்தால் போர் என்று பொருள். உடைக்காவிட்டால் ஏரி நிறைய நீர் இருந்தும் கீழ்வயல்களுக்கு ஒரு சொட்டு இல்லை.

‘ஆகட்டும்’ என்ற அச்சொல் எங்கள் அரசரின் வாயில் எப்படிக் குடியேறியது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அதைக் குடியேற்றியவன் அடியேன்தான்.

எங்கள் அரசர் ஒன்பது வயதில் அரியணை ஏறினார். அவைக்கூட்டங்கள் நீளமானவை, அமைச்சர்கள் அதைவிட நீளமானவர்கள். அவர் நெளிவார், கொட்டாவி விடுவார், அரியணையின் சிங்கத்தின் பல்லை எண்ணுவார். அடியேன் அவர் காதில் ஒரு வழி சொல்லிவைத்தேன். பேசுகிறவர் பேச்சை நிறுத்தியதும் ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டால் அவை கலையும், மடைப்பள்ளியில் சூடான அதிரசம் காத்திருக்கும் என்றேன். அவ்வளவுதான். பேச்சு நின்றால் சொல் வரும், சொல் வந்தால் அதிரசம் வரும். ஓராண்டில் அதிரசம் தேவையில்லாமல் போயிற்று. சொல் மட்டும் நின்றுவிட்டது. அரசருக்கு இப்போது முப்பத்தைந்து வயது. இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் நாட்டின் ஆட்சி அந்த ஒரு சொல்லால் நடந்து வந்தது. அமைச்சர்களாகிய எங்களுக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை எழுதினால் ஓலை போதாது.

சாவி போன பிறகு அறிஞர் குழு கூடியது. அரசன் சொல்லை அரசனே திரும்பப் பெறக் கூடாது என்பது எங்கள் மரபு. எனவே இலக்கணப் பண்டிதர்களை அழைத்தோம். ‘ஆகட்டும்’ என்பது வியங்கோள். ஒன்று நடந்தால் நல்லது என்று விரும்புவதே அதன் பொருள். கொடுத்தேன் என்று பொருள் இல்லை. ஆகவே சாவி இன்னும் எங்களுடையதே என்று ஒரு கட்சியார் நிறுவினார்கள். வேந்தன் விரும்பினால் அது கட்டளையே என்று மறு கட்சியார் நிறுவினார்கள். பதினோரு நாள் வாதம் நடந்தது. பண்டிதர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போயிற்று. வயல்களுக்கு நீர் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் கீழ்வயல் ஊரிலிருந்து வெள்ளச்சி என்னும் உழவர் பெண் அவைக்கு வந்தார். கையில் ஒரு பிடி நாற்று, நுனி பழுத்திருந்தது. வணங்கி எழுந்து, தம் நாற்றங்கால் கருகுகிறது, ஏழு ஊர் நாற்றும் கருகுகிறது, இன்னும் சில வாரங்களில் நட ஒன்றும் மிஞ்சாது, குழந்தைகளோடு ஊரை விட்டுப் போக வேண்டியதுதான் என்று கூறி நிறுத்தினார்.

அவை அமைதியாயிற்று. அரசர் ‘ஆகட்டும்’ என்றார்.

வெள்ளச்சி கையில் இருந்த நாற்றைப் பார்த்தார், பிறகு அரசரைப் பார்த்தார். அரசர் தம் வாயைத் தாமே கையால் தொட்டுப் பார்த்தார். தம் சொல்லை அவர் முதல் முறையாகக் காதால் கேட்ட நாள் அது. அடியேன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

அன்றே அச்சொல்லை ஒழிக்கப் புறப்பட்டோம். அரசர் இனி அச்சொல்லைச் சொல்லலாகாது என்று ஒரு கட்டளை எழுதி, அவர் முன் படித்து, ஒப்புதல் வேண்டி நின்றேன். ‘ஆகட்டும்’ என்றார். பின்பு, சொல் வரும்போதெல்லாம் மணி அடிக்க ஒருவரை அமர்த்தினோம். நான்கு நாளில் மணி அடித்தாலே அரசர் ‘ஆகட்டும்’ என்றார். கோயில் மணிக்கும் சொன்னார். தாம்பூலத்தால் வாயை நிறைத்துப் பார்த்தோம். தலை ஆடியது, அதையும் அமைச்சர்கள் ஒப்புதலாக எழுதிக்கொண்டார்கள். அடியேனும் ஒன்று எழுதிக்கொண்டேன்.

வெள்ளச்சி இதையெல்லாம் வாயில்புறத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவரை அழைத்து அரசரே வழி கேட்டார். தம்மிடம் ஓர் எருது இருந்தது, அதைத் தமக்கு விற்றவரின் வீட்டுத் தெருமுனை வந்தால் ஏரோடு உள்ளே திரும்பிவிடும், அடித்தும் பார்த்தோம், கயிற்றை இழுத்தும் பார்த்தோம், முனை வந்தால் திரும்பத்தான் செய்தது என்று அவர் விண்ணப்பித்தார். கடைசியில், முனைக்குப் பத்தடி முன்பே எதிர்ப்பக்கம் ஒரு பிடி புல்லைக் காட்டினோம், ஒரு மாதத்தில் முனை வந்தால் அந்தப் பக்கம்தான் கழுத்து போயிற்று என்றார். திரும்புகிற வேகம் போகாது, திரும்பும் பக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்பது அவர் கருத்து. ஆகையால் பேச்சு நின்றதும் அரசர் வாய் எதையாவது சொல்லியே தீரும். சொல்லாதே என்று தடுக்காமல், சொல்ல வேறொன்று கொடுங்கள் என்றார். என்ன சொல் என்று அரசர் கேட்டார். ‘யாருக்காக?’ என்று கேட்டால் போதும் என்று வெள்ளச்சி சொன்னார்.

முதல் வாரம் இரண்டு சொல்லும் முட்டிக்கொண்டன. ‘ஆகயாருக்காக’ என்று வந்தது. அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்த பண்டிதர் உண்டு. பிறகு படிந்துவிட்டது. அதன்பின் எங்கள் பாட்டைக் கேட்க வேண்டாம். அவை மண்டபத்துக்கு இன்னொரு மண்டபம் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார், ‘யாருக்காக?’ என்றார் அரசர். அவர் உட்கார்ந்தார். அடியேனின் மருமகனுக்குக் கடல்துறைக் காவல் தரலாம் என்று அடியேன் சொன்னேன், ‘யாருக்காக?’ என்றார் அரசர். அடியேனும் உட்கார்ந்தேன். இப்போது அவை அரை நாழிகையில் முடிந்துவிடுகிறது. அமைச்சர் நால்வர் பழைய சொல்லை மீட்கத் தனியே கூடிப் பேசினார்கள். ஐந்தாமவன் யார் என்று தாங்கள் கேட்க வேண்டாம்.

இனித் தங்களிடம் வருகிறேன். தங்கள் தூதர் எதைக் கண்டாலும் கேட்டுப் பழகியவர், கேட்டார். எங்கள் அரசர் கொடுத்துப் பழகியவர், கொடுத்தார். ஏறன் சொன்னதைச் செய்து பழகியவர், சாவியை அவிழ்த்தார். அந்த ஏரியின் நீர் தங்கள் மலைக்கு ஏறாது. அது தங்களுக்கு வேண்டும் என்று இதுவரை யாரும் நினைத்ததாகவே தெரியவில்லை. யாருக்கும் வேண்டாத ஒரு சாவிக்காக ஏழு ஊர் பட்டினி கிடக்கப் போகிறது. நாற்று இன்னும் ஒன்பது நாள் தாங்கும் என்று வெள்ளச்சி சொல்லியிருக்கிறார்.

இவ்வோலையை முதலில் நாற்பது ஏடுகளில் எழுதினேன். ஒவ்வொரு ஏட்டுக்கும் அரசர் ‘யாருக்காக?’ என்று கேட்டார். பெரும்பாலானவை அடியேனின் பெயரைக் காப்பதற்காக என்று தெரிந்தது. எஞ்சியதே இது.

யார் கொண்டு செல்வது என்ற பேச்சு வந்தபோது, கால் வலுவுள்ள தூதர் மூவரின் பெயரை முன்மொழிந்தேன். சொல்லைக் கற்றுக் கொடுத்தவரே ஓலையையும் கொண்டு செல்லட்டும், சாவியில்லாமல் நாடு திரும்ப வேண்டாம் என்று அரசர் கூறி நிறுத்தினார். அவை அமைதியாயிற்று. அந்த அமைதியில் அடியேனின் வாய் தானாகவே ‘ஆகட்டும்’ என்றது.

உடனே பண்டிதர்களைத் திரும்பிப் பார்த்தேன், வியங்கோள்தானே என்று. இரு கட்சியாரும் வாழ்நாளில் முதன்முறையாக ஒன்றுபட்டு, அது வாக்குறுதியே என்றார்கள்.

ஆகவே இப்போது திருமுன்பு கைகட்டி நிற்கும் நரைத்த கிழவன் தூதன் அல்லன். இதை எழுதிய சாத்தங்கீரன்தான். மலை ஏறியதில் முழங்கால் வலித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போக வேண்டும் போலிருக்கும். இதைப் படிப்பவர் படித்து நிறுத்தியதும் தங்கள் அவையும் அமைதியாகும். அப்போது தாங்கள் ‘பார்க்கலாம்’ என்று அருளுவது வழக்கம் என்று நாடறியும். எங்கள் எல்லைக் கல் வழக்கு அந்தச் சொல்லின் நிழலில் பன்னிரண்டு ஆண்டு ஓய்வெடுக்கிறது. இன்று ஒருநாள், ஒரு மூச்சு நேரம் அதை நிறுத்தி, அந்த இடத்தில் வெள்ளச்சியின் சொல்லைக் கேட்டருள வேண்டுகிறேன்.

அருங்கோவேளின் ஆட்சி ஆண்டு இருபத்தாறு, சித்திரைத் திங்கள் இருபத்திரண்டாம் நாள், புன்னைவாயில் கோட்டையில் எழுதி, இரட்டை நாரை முத்திரை இட்டது. இதன்கீழ் உள்ள இரண்டு வரியும் வேண்டுகோளும் எங்கள் அரசர் தம் கையால் கீறியவை:

சாவி வெள்ளச்சியின் நாற்றுக்காக.
சாத்தங்கீரனார் திரும்பி வருவது எமக்காக.
இரண்டையும் ஒன்றாக அனுப்பி வைக்க.